ஏழே முக்கால் படகு

அலமீடா படகுத்துறையின் சரிவுப் பாலத்தில் கால் வைத்தவுடன், அன்றைக்கு அமாவாசை பக்கமா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஜோசியம் எல்லாம் இல்லை. பாலத்தின் ஒரு முனை கரையில், மறுமுனை மிதவையில். கடல் ஏறினால் மிதவையும் கூடவே ஏறும், பாலம் கிட்டத்தட்ட சமமாகிவிடும். கடல் வற்றினால் மிதவை இறங்கும், பாலம் சரிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் கூடுதல், வற்றமும் கூடுதல். கோடையில் அந்தப் பெரிய வற்றம் காலை வேளையில் வரும். ஏழே முக்கால் படகைப் பிடிக்க ஓடுகிற நான் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, மாடிப்படியில் எண்ணெய் சிந்தியது போல அடிமேல் அடி வைத்து இறங்குவேன். குளிர்காலத்தில் அது மாலைக்கு மாறிவிடும். அப்போது வீடு திரும்பும் நேரத்தில் மூச்சு வாங்க ஏற வேண்டும்.

சொந்த ஊர் திண்டுக்கல். எங்கள் தெருவில் தண்ணீர் என்றால் லாரி, குடம், சண்டை. கடலை முதன்முதலாகப் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில், திருச்செந்தூரில். அதுவும் முழங்கால் வரைதான். அப்படிப்பட்டவள் இப்போது வாரத்தில் மூன்று நாள் கடல் தாண்டி வேலைக்குப் போய்வருகிறேன் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. கடல் என்று நான் சொல்வது சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவை. இங்கே எல்லோருக்கும் அது வெறும் 'பே'. மேற்குக் கரையில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம், கிழக்கே ஓக்லண்ட், அதன் காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தீவு அலமீடா. தீவு என்றால் இயற்கைத் தீவு அல்ல. 1902இல் ஒரு கால்வாயை வெட்டி முடித்ததால் தீவானது.

வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலம் முடிந்து, வாரம் மூன்று நாளாவது அலுவலகம் வந்தாக வேண்டும் என்று மெயில் வந்தபோது முதலில் பார்ட் ரயிலைத்தான் நினைத்தேன். 1974இலிருந்து, விரிகுடாவின் தரையில் பதித்த குழாய்க்குள் ஓடுகிறது அது. படகைவிட வேகம், அடிக்கடி வரும், வீட்டுப் பக்கத்து பஸ் அந்த ஸ்டேஷனுக்கே போகும். கணக்குப் போட்டால் ரயில்தான் ஜெயிக்கும். ஆனால் மூன்று வருஷம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வேலை செய்து பழகிய உடம்பு, தண்ணீருக்கு அடியில் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. சரி, ஒரு வாரம் படகில் போய்ப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

துறையின் பெயர் சீபிளேன் லகூன். கடல் விமானங்கள் இறங்குவதற்காகக் கடற்படை கட்டிய குளம் இது. 1997இல் தளத்தை மூடிவிட்டார்கள், 2021 ஜூலையில் படகுத்துறை வந்தது. பழைய விமானக் கொட்டகைகள் இன்னும் சுற்றிலும் நிற்கின்றன. அலமீடாவுக்கும் விமானத்துக்கும் இன்னொரு பந்தம் உண்டு. 1935 நவம்பரில், பசிபிக் பெருங்கடலைக் கடக்கும் முதல் விமானத் தபாலை ஏற்றிக்கொண்டு 'சைனா கிளிப்பர்' என்ற கடல் விமானம் இங்கிருந்துதான் கிளம்பியது. ஒரு லட்சத்துக்கும் மேல் கடிதங்கள். பாரம் அதிகம், உயரம் கிடைக்கவில்லை. எதிரே, சான் ஃபிரான்சிஸ்கோவையும் ஓக்லண்டையும் இணைக்கப் பாதி கட்டி முடித்திருந்த பே பிரிட்ஜ், தொங்கும் கம்பிகளோடு. மேலே ஏறித் தாண்ட முடியாது என்று தெரிந்ததும் விமானி கம்பிகளுக்குக் கீழே நுழைந்து போய்விட்டார். என் படகும் தினமும் அதே பாலத்துக்குக் கீழேதான் நுழைகிறது, தபாலுக்குப் பதில் லேப்டாப்புகளோடு.

படகு துறைக்கு வருவதைப் பார்ப்பது எனக்கு அலுத்ததே இல்லை. கேப்டன் எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளுவார், தண்ணீர் சோடா மாதிரி நுரைக்கும். ஓரத்தில் ஓர் அம்மா நிற்பார். ஐம்பது வயது இருக்கும், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, கையில் மணிக்கட்டுத் தடிமன் கயிறு, அதன் நுனியில் ஒரு வளையம். வீசி எறிய மாட்டார். அது சினிமாவில். மிதவை பக்கத்தில் வந்ததும், மாட்டுக் கழுத்தில் கயிறு போடுவது போல, இரும்புக் கட்டைமேல் வளையத்தை மெதுவாக இறக்குவார். மறுமுனையைப் படகின் கட்டையில் எட்டு போட்டு இரண்டு சுற்று. அப்புறம்தான் வேடிக்கை. கேப்டன் எஞ்சினைக் கொஞ்சம் முன்னுக்குக் கொடுப்பார். கயிறு விறைக்கும், ஒரு முனகல் கேட்கும், இழைகளிலிருந்து தண்ணீர் பிழிந்து சொட்டும், படகு கயிற்றில் சாய்ந்துகொண்டு மிதவையோடு ஒட்டி நிற்கும். ஒற்றைக் கயிறும் எஞ்சினும் இழுத்துக்கொள்கிற இழுப்பில்தான் அத்தனை பெரிய படகு அசையாமல் நிற்கிறது. பலகை தடாலென்று விழும். அந்த அம்மா கையிலிருக்கும் சின்னக் கருவியைத் தலைக்கு ஒன்றாக அழுத்தி எண்ணிக்கொண்டே எல்லோருக்கும் குட்மார்னிங் சொல்வார். எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதாகத் தெரியவில்லை.

இந்தப் படகு வகைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? கேட்டமரான். நம்ம கட்டுமரம்தான். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் எழுதிவைத்துப் போன சொல். பிறகு இரண்டு அடிப்பாகம் உள்ள எந்தப் படகுக்கும் அதுவே பெயராகிவிட்டது. பக்கத்து இருக்கை சைக்கிள்காரரிடம் ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டார், "அதற்கு என்ன அர்த்தம்?" கட்டிய மரம் என்றேன். மனிதர் சுற்றிலும் பார்த்தார். அலுமினியச் சுவர், அலுமினியத் தரை. கட்டியதும் இல்லை, மரமும் இல்லை, எல்லாம் பற்றவைத்தது. இருவரும் சிரித்துவிட்டோம். நம்முடைய கட்டுமரத்துக்கு இரண்டு அடிப்பாகம் கிடையாது, இவர்களுடைய கேட்டமரானில் மரம் கிடையாது. பெயர் மட்டும் தனியாகக் கடல் தாண்டி வந்திருக்கிறது, என்னைப் போல.

படகுகளின் பெயர்கள் வானத்திலிருந்து எடுத்தவை: ஹைட்ரஸ், சீட்டஸ், கரீனா, லைரா என்று நட்சத்திரக் கூட்டங்கள். ஹைட்ரஸ் மாதிரியான படகில் 400 பேர் ஏறலாம், 50 சைக்கிள் நிறுத்தலாம். அதற்கு முந்தைய தலைமுறைச் சிறிய படகுகள் ஜெமினி, பைசிஸ், ஸ்கார்ப்பியோ, டாரஸ். அதாவது மிதுனம், மீனம், விருச்சிகம், ரிஷபம். இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "உனக்கு இன்னிக்குச் சந்திராஷ்டமம், விருச்சிகத்துல ஏறாத" என்று ஒருமுறை போனில் சொன்னார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு வந்தது நல்லவேளையாக வேறு படகு.

உள்ளே ஒரு சின்னக் கடை உண்டு. காலையில் காபி, மாலையில் பீர், ஒயின். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மேல்தளத்தில் பாதிப்பேர் கையில் கோப்பையோடு காற்று வாங்கிக்கொண்டு நிற்பார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற கூட்டம் மாதிரியே இருக்காது, ஏதோ கல்யாண வீட்டின் பின்கட்டு மாதிரி இருக்கும். நாய்கள் வரும். ஒருவர் ஸ்வெட்டர் பின்னுவார், மூன்று மாதமாக அதே நீல நூல். யாருக்கும் ஒதுக்கிய இடம் கிடையாது, ஆனாலும் ஆளுக்கு ஓர் இடம் உண்டு. என் இடம் கீழ்த்தளத்தில், வலப்பக்கம், மூன்றாவது ஜன்னல். யாராவது புதியவர் உட்கார்ந்துவிட்டால் எனக்கு அன்றைக்கு முழுவதும் என்னமோ போலிருக்கும்.

இருபது நிமிஷத்தில் எதிர்க்கரை. மணிக்கூண்டோடு ஃபெரி பில்டிங். 1898இல் கட்டியது, கூண்டு மட்டும் 245 அடி, ஸ்பெயினின் செவில் நகரத்து ஹிரால்டா கோபுரத்தைப் பார்த்து வரைந்தது. 1906 பூகம்பத்திலும் அதற்குப் பின்னால் வந்த தீயிலும் சுற்றியிருந்த நகரம் எரிந்து சாம்பலானபோது இது நின்றது. இன்றைக்கு உள்ளே சீஸ், சிப்பி, ஐந்து டாலருக்கு ஒரு ரொட்டித்துண்டு என்று பணக்காரச் சந்தை. ஒரு காலத்தில் இதுதான் ஊருக்கே வாசல். 1930இல் இந்த விரிகுடாவில் 43 படகுகள் ஓடின. ஒரு வருஷத்தில் ஏறத்தாழ 4.7 கோடிப் பயணிகள், 60 லட்சம் கார்கள். கிழக்கேயிருந்து ரயிலில் நாடு முழுவதும் கடந்து வந்தவர்கூட ஓக்லண்டில் இறங்கி, கடைசிச் சில மைல்களைப் படகில்தான் கடந்தாக வேண்டும்.

1936 நவம்பர் 12ஆம் தேதி பே பிரிட்ஜ் திறந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் கோல்டன் கேட் பாலம். படகுகளுக்கு அன்றைக்கே பாடை கட்டியாகிவிட்டது, மூச்சுதான் கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டிருந்தது. பாலத்தின் கீழ்த்தளத்தில் ரயில் விட்டார்கள், கூட்டம் அதற்குப் போயிற்று. பிறகு கார் பெருகியது. 1958இல் அந்த ரயிலையும் நிறுத்தினார்கள், அதே வருஷம் ஓக்லண்டுக்குப் போன கடைசிப் படகும் நின்றது. கூடவே ஃபெரி பில்டிங்கின் மூஞ்சிக்கு நேரே இரண்டடுக்கு நெடுஞ்சாலை ஒன்றையும் எழுப்பினார்கள். தெருவிலிருந்து பார்த்தால் மணிக்கூண்டின் தலை மட்டும் தெரியும். இருந்த இடத்தை மறைத்துவிட்டால் இருந்ததே மறந்துபோகும் என்று யாரோ திட்டம் போட்டதுபோல. வடகரைக்கு மட்டும் 1970இலிருந்து மறுபடி படகு ஓடியது. எங்கள் கிழக்குக் கரைக்கு முப்பது வருஷத்துக்கு ஒன்றும் இல்லை.

1989 அக்டோபர் 17, மாலை 5:04. லோமா பிரியேட்டா பூகம்பம், அளவு 6.9. அன்றைக்கு சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்கும் ஓக்லண்ட் அணிக்கும் பேஸ்பால் உலகத் தொடரின் ஆட்டம். டிவி பார்க்க நிறையப் பேர் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்களாம், அதனால் சாலைகளில் வழக்கமான நெரிசல் இல்லை. அப்படியும் ஓக்லண்டில் இரண்டடுக்குச் சாலை ஒன்று இடிந்து 42 பேர் செத்தார்கள். பே பிரிட்ஜின் மேல்தளத்தில் 50 அடித் துண்டு கீழ்த்தளத்தின்மேல் விழுந்தது. பாலத்தை ஒரு மாதம் மூடினார்கள்.

கிழக்குக் கரையிலிருந்து ஒரு மாதம் எப்படி வேலைக்குப் போவது? கடலடி ரயில் ஓடியது, ஆனால் அது மட்டும் எத்தனை பேரைத் தாங்கும்? அங்கே இங்கே என்று கிடைத்த படகுகளை எல்லாம் வரவழைத்து விட்டார்கள். பாலத்தைத் திறந்த பிறகும், அலமீடா, ஓக்லண்ட் மக்களில் கொஞ்சம் பேர் படகை விட மாட்டேன் என்றார்கள். அந்தப் பிடிவாதத்தின் தொடர்ச்சிதான் என் ஏழே முக்கால் படகு. மூஞ்சியை மறைத்திருந்த நெடுஞ்சாலையும் பூகம்பத்தில் விரிசல் விட்டது, 1991இல் இடித்தே தள்ளிவிட்டார்கள். மணிக்கூண்டுக்கு மறுபடி கழுத்தும் தோளும் வந்தன.

இப்போது இந்தப் படகுகளை நடத்துவது 2007இல் மாநிலச் சட்டம் ஒன்றால் உருவான ஆணையம். அதன் முழுப்பெயரைத் தமிழில் சொன்னால் 'நீர்வழி அவசரநிலைப் போக்குவரத்து ஆணையம்'. முதல்முறை அறிவிப்புப் பலகையில் படித்தபோது 'அவசரநிலை' என்ற சொல் எதற்கு இங்கே என்று புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த பூகம்பம் வந்து பாலமும் கடலடிக் குழாயும் ஒரே நாளில் நின்றுவிட்டால், மிச்சம் இருக்கிற வழி தண்ணீர்தான். அன்றைக்குப் படகு வேண்டும், கேப்டன் வேண்டும், கயிறு போடத் தெரிந்த கை வேண்டும். அவற்றை ஷெட்டில் பூட்டிவைத்தால் துருப்பிடிக்கும். அதனால் தினமும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஓடுகிறபோது எங்களையும் ஏற்றிக்கொள்கிறார்கள். ஃபெரி பில்டிங் பக்கத்தில் 2020இல் முடிந்த புதிய படகுத்துறையைக்கூடப் பூகம்பத்துக்குப் பிறகும் இயங்க வேண்டும் என்ற கணக்கில்தான் கட்டியிருக்கிறார்கள். நான் காபி குடித்துக்கொண்டு போவது ஒரு பேரிடர் ஒத்திகையில்.

பணம் எங்கிருந்து வருகிறது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டிக்கெட் காசு செலவுக்குக் காணாது. 2004இல் ஒரு வாக்கெடுப்பு, 2018இல் இன்னொன்று. இரண்டிலும் பாலங்களின் சுங்கக் கட்டணத்தை உயர்த்தி அதில் ஒரு பங்கைப் பொதுப் போக்குவரத்துக்குக் கொடுக்க மக்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பங்கில் படகுக்கும் பங்கு. பே பிரிட்ஜ் திறந்த புதிதில் ஒரு காருக்கு 65 சென்ட். 2025இல் எட்டு டாலரைத் தொட்டுவிட்டது. மேலே நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கிற ஒவ்வொரு காரும் கீழே போகும் எனக்குக் கொஞ்சம் மொய் எழுதிவிட்டுப் போகிறது. படகைக் கொன்றதே இந்தப் பாலம். இப்போது அதுவே படகுக்குச் சோறு போடுகிறது. பாலத்துக்குக் கீழே நுழையும்போது நான் அண்ணாந்து பார்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவது வழக்கம்.

இது நியாயமா என்று கேட்டால் சங்கடம்தான். காலைப் படகில் சுற்றிப் பார்த்தால் பாதிக்குமேல் லேப்டாப், விலை உயர்ந்த சைக்கிள், காதில் வெள்ளைக் கருவி. எங்கள் அலுவலகத்தைச் சுத்தம் செய்கிற பெண்மணி கிழக்கு ஓக்லண்டிலிருந்து இரண்டு பஸ், ஒரு ரயில் மாறி வருகிறார். படகுத்துறைக்கு வந்து சேரவே அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். கோவிட்டுக்கு முன்னால் இந்தப் படகுகளில் வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் பேர் போனார்கள். பெரிய எண்ணாகத் தெரியும், ரயிலோடு ஒப்பிட்டால் கொசுறு. புகை விஷயமும் இருக்கிறது. வேகமாக ஓடுகிற டீசல் படகு தண்ணீரைக் கிழிக்க நிறைய எரிக்கும். ஹைட்ரஜனில் ஓடும் 'சீ சேஞ்ச்' என்ற 75 பேர் படகை 2024 ஜூலையில் ஓடவிட்டார்கள். நகரக் கரையோரமாகக் கொஞ்ச தூரம், இலவசமாக. ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஏறிப் பார்த்தேன். சத்தமே இல்லை. எஞ்சின் அதிர்வுக்குப் பழகிப்போன எனக்கு அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. நானூறு பேரை ஏற்றிக்கொண்டு விரிகுடாவைக் கடக்கிற நாள் வரட்டும், அப்போது பேசலாம்.

சரி, என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, போனில் எதையோ படித்துக்கொண்டே வரிசையில் நின்றேன், வரிசையோடு நகர்ந்தேன், ஏறினேன், உட்கார்ந்தேன். என் மூன்றாவது ஜன்னலும் காலி. பத்து நிமிஷம் கழித்து நிமிர்ந்தால் பாலத்தைக் காணோம். வலப்பக்கம் ட்ரெஷர் ஐலண்ட் பின்னால் போய்க்கொண்டிருந்தது. என் படகு தெற்கே போக வேண்டும், இது வடக்கே போகிறது. நான் ஏறியிருந்தது வடக்கே வல்லேஹோ என்ற ஊருக்குப் போகும் படகு. வழியில் எங்கும் நிற்காது, ஒரு மணி நேரம். பக்கத்திலிருந்த பெரியவரிடம் கேட்டேன். "உட்காரும்மா, எப்படியும் போய்த்தான் ஆகணும்" என்பது மாதிரி ஏதோ சொல்லி, தன் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினார்.

உட்கார்ந்தேன். இடப்பக்கம் ஏஞ்சல் ஐலண்ட் வந்தது. வெயில் சாய்ந்து, தீவின் இந்தப் பக்கம் முழுக்க நிழல். 1910இலிருந்து 1940 வரை, பசிபிக் கடந்து வந்தவர்களைப் பிடித்துவைத்து விசாரித்த இடம். சீனர்கள்தான் அதிகம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் மரச்சுவர்களில் கவிதை செதுக்கிவைத்திருக்கிறார்கள், இன்றும் இருக்கிறது. பஞ்சாபிலிருந்து வந்த விவசாயிகளையும் அங்கேதான் இறக்கினார்கள். நிறையப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். நான் இந்த நாட்டுக்குள் நுழைந்தது விமான நிலையத்தில், நாற்பது நிமிஷ வரிசையில். அதற்கே அலுத்துக்கொண்டு அக்காவுக்கு மெசேஜ் அனுப்பியது ஞாபகம் வந்தது. எழுந்து வெளித்தளத்துக்குப் போய், தீவு மறைகிற வரைக்கும் நின்றேன். பிறகு ரிச்மண்ட் பாலம், அகன்ற சான் பாப்லோ விரிகுடா, பழைய கடற்படைக் கப்பல்கட்டும் தளமான மேர் ஐலண்ட். வல்லேஹோவில் இறங்கி, திரும்பும் படகுக்காகக் காத்திருந்து, வீடு சேர்ந்தபோது தோசை மாவு பொங்கி வழிந்து மேடை முழுக்கப் பரவியிருந்தது. இப்போதெல்லாம் வாசலில் மாட்டியிருக்கும் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டுத்தான் வரிசையில் நிற்கிறேன்.

மூடுபனியைச் சொல்லாமல் இந்த ஊர்ப் படகைப் பற்றி எழுத முடியாது. ஜூலையில் ஸ்வெட்டர் போடுகிற ஊர் இது. உள்நாட்டுச் சமவெளி கோடையில் கொதிக்கும், அந்தச் சூடான காற்று மேலே கிளம்பியதும் பசிபிக்கின் குளிர்ந்த காற்று கோல்டன் கேட் இடுக்கு வழியாக உள்ளே இழுபடும், வரும்போது பனியையும் இழுத்துக்கொண்டு வரும். ஊர்க்காரர்கள் அதற்குக் 'கார்ல்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், பக்கத்து வீட்டு மாமா மாதிரி. அந்த நாட்களில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இருக்காது. அரைத்துவைத்த இட்லி மாவுக்குள் போவது போலிருக்கும். படகு வேகத்தைக் குறைத்து, சங்கு ஊதிக்கொண்டே போகும். தூரத்தில் இன்னொரு சங்கு பதில் சொல்லும்.

கேப்டனுக்கு ராடார் உண்டு, கூடவே யெர்பா புவெனா தீவிலிருந்து கடலோரக் காவல்படை எல்லாக் கப்பல்களையும் திரையில் பார்த்து ரேடியோவில் பேசுகிறது. இதுவும் ஒரு விபத்தின் பிள்ளைதான். 1971 ஜனவரியில் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் கோல்டன் கேட் பாலத்தடியில் பனியில் மோதிக்கொண்டன. அடுத்த வருஷமே இந்தக் கண்காணிப்பு வந்தது. வந்தும், 2007 நவம்பரில் ஒரு பனிக்காலையில் 'காஸ்கோ பூசான்' என்ற சரக்குக் கப்பல் பே பிரிட்ஜ் தூணில் உரசி இரண்டு லட்சம் லிட்டர் எண்ணெயைக் கொட்டியது. பனி நாட்களில் பாலத்தடியில் நுழையும்போது மேலே வண்டிச் சத்தம் மட்டும் கேட்கும், பாலம் தெரியாது. அப்போது ஸ்வெட்டர் பின்னுகிறவர்கூட ஊசியை நிறுத்திவிடுவார்.

போன கோடையில் அம்மா வந்திருந்தார். படகைப் பார்க்காமல் போகக் கூடாது என்று ஒருநாள் கூட்டிப்போனேன். அமாவாசைக்கு மறுநாள். சரிவுப் பாலத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "ஏத்தா, இதுல எறங்கணுமா? மலைக்கோட்டை மாதிரியில்ல இருக்கு." புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப்பிடித்து, மறுகையால் கம்பியைப் பற்றி, முருகா முருகா என்று இறங்கினார். கயிறு போடுகிற அம்மா ஓடிவந்து கையை நீட்டினார். இருவருக்கும் பேச ஒரு மொழி இல்லை. என் அம்மா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ கையும் காய்ச்சுப்போயிருக்கு பாரு" என்றார் என்னிடம். நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா உள்ளங்கையை விரித்துக் காட்டிச் சிரித்தார். என் அம்மாவும் தன்னுடையதை விரித்துக் காட்டினார், முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்த கை.

மாலையில் திரும்பி வந்ததும் சீல்களைக் காட்டப் போனோம். தமிழில் கடல்நாய். இங்கே பழைய மரத்துறை ஒன்றில் அவை வெகுகாலமாகப் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. படகுகளைப் பழுதுபார்க்கப் புதிய பணிமனை கட்ட அந்த இடம் தேவைப்பட்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார்கள். கடைசியில் 2016இல் படகு ஆணையம் கடல்நாய்களுக்கென்றே ஒரு கான்கிரீட் மிதவை செய்து போட்டது. அவை ஏற வசதியாக ஓரத்தில் சரிவு வைத்து. குளிர்காலத்தில் டஜன் கணக்கில் கிடக்கும். நாங்கள் போனபோது ஒன்பது இருந்தன. வாலையும் தலையையும் தூக்கி, வாழைப்பழம் மாதிரி வளைந்து.

"நாய்ங்கிற, எருமைக்கன்னு மாதிரி கெடக்கு" என்றார் அம்மா. மிதவைக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நம்ம ஊர்ல மனுசனுக்கே பஸ்ஸுக்கு நிக்க நெழல் இல்ல. இதுக்கு மெத்தை போட்டுக் குடுத்திருக்கானுங்க" என்றார். பாராட்டா, புகாரா என்று நான் கேட்கவில்லை. காற்று ஏறியது. என் ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டு, நடுங்கிக்கொண்டு கார் வரை நடந்தேன்.

அம்மா ஊருக்குத் திரும்பி இப்போது பத்து மாதம் ஆகிறது. நான் படகுக்குக் கிளம்பும் நேரம் திண்டுக்கல்லில் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். போன வாரம் காரைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. காலண்டரைக் கிழித்த கையோடு கூப்பிட்டிருக்கிறார்.

"ஏத்தா, இன்னிக்கு அமாவாசைல்ல? பாலம் எறங்கிக் கெடக்கும். ஓடாத, பாத்து எறங்கு."

எட்டிப் பார்த்தேன். இறங்கித்தான் கிடந்தது. படகு நுரை தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. "சரிம்மா" என்றுவிட்டு ஓடினேன்.